சாம்பலை மீண்டும் விறகாக்க முடியுமா?



இம்மாதம் நமக்கு வந்த கடிதங்களுள் ஒன்று அய்யம்பாளையத்திலிருந்து வந்திருக்கிறது. பழனி மலையின் அடிவாரத்தில், மருதாநதியின் நீரை நம்பி வாழும் தென்னந்தோப்புகளுக்கிடையே அமைந்த அவ்வூரை நம் வாசகர்களுள் பலர் அறிவர். கடிதம் எழுதியவர் தென்னை விவசாயம் செய்யும் ஒரு குடும்பத் தலைவர். அவருடைய மகள் வேதியியலில் முதுகலைப் பட்டம் பெற்றிருக்கிறாள். மேற்கொண்டு ஆராய்ச்சி செய்ய ஆசைப்படுகிறாள். கரியமில வாயுவை மின்சாரத்தின் துணைகொண்டு பயனுள்ள இரசாயனப் பொருள்களாக மாற்றுவதும், அதற்கு வேண்டிய வினையூக்கிகளை வகுத்து அமைப்பதுமே அவள் தேர்ந்துகொண்ட பொருள்.

தந்தை மூன்று கேள்விகள் கேட்கிறார். புகையைப் பொருளாக்குவது உண்மையில் நடக்கக்கூடிய காரியந்தானா? நடக்குமானால், புகையைக் குறையுங்கள் என்று உலகம் நம்மை ஏன் நெருக்குகிறது? உறவினர்கள் திருமணப் பேச்சை எடுக்கும் இந்த வயதில், மகளின் வாழ்வில் ஐந்தாண்டுகளை இதற்கென ஒதுக்குவது தகுமா?

மூன்றாவது கேள்விக்கு விடை சொல்லும் உரிமை அக்குடும்பத்தாருக்கே, அதிலும் அம்மகளுக்கே உண்டு. ஆயினும் முதல் இரண்டையும் தெளிவாக அறியாமல் மூன்றாவதற்கு விடை காண இயலாது. ஆகவே அவற்றை நம்மால் இயன்றவரை எளிமையாக விளக்க முற்படுவோம்.

கரியமில வாயு என்னும் சாம்பல்

தோப்பில் காய்ந்த தென்னை மட்டையை எரிக்கிறோம். வெளிச்சமும் வெப்பமும் வருகின்றன. இறுதியில் ஒரு கைப்பிடிச் சாம்பல் தரையில் எஞ்சுகிறது. ஆனால் மட்டையிலிருந்த கரியின் பெரும்பகுதி அச்சாம்பலில் இல்லை. அது காற்றிலுள்ள பிராணவாயுவுடன் கூடிக் கரியமில வாயுவாகி மேலே சென்றுவிட்டது. கண்ணுக்குத் தெரியாத அந்த வாயுவும் ஒரு சாம்பலே. எரிந்து முடிந்த பொருள் மறுபடியும் எரியாது. அதனிடமிருந்த சக்தியை நாம் முன்னரே பெற்றுச் செலவழித்துவிட்டோம்.

இந்த ஓர் உண்மையை மனத்தில் இருத்திக்கொண்டால் மற்றவை யாவும் விளங்கும். சாம்பலை மறுபடியும் விறகாக்க வேண்டுமானால், எரிந்தபோது வெளிப்பட்ட சக்தி முழுவதையும் நாம் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். கடன் வாங்கிச் செலவிட்டவன் முதலையேனும் திருப்பித் தரவேண்டும் அல்லவா? இயற்கையிடம் தள்ளுபடி கிடையாது. நடைமுறையில் வட்டியும் சேர்ந்துவிடுகிறது.

இக்கடனை நாள்தோறும் ஓசையின்றி அடைத்துக்கொண்டிருப்பவை பச்சை இலைகள். அய்யம்பாளையத்துத் தென்னையும், மேலே சோலைக்காடுகளிலுள்ள மரங்களும் சூரிய ஒளியின் சக்தியைக் கொண்டு, கரியமில வாயுவையும் நீரையும் சேர்த்துச் சர்க்கரையாகவும் மரமாகவும் மாற்றுகின்றன. நெடுங்காலமாக இக்கணக்குச் சமமாக இருந்தது. நிலக்கரியையும் பெட்ரோலியத்தையும் பூமிக்கடியிலிருந்து தோண்டி எடுத்து எரிக்கத் தொடங்கிய பிறகு அது குலைந்தது. தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து இலட்சம் பங்குக்கு ஏறத்தாழ 280 பங்காக இருந்த கரியமில வாயு, இன்று 420 பங்கைக் கடந்துவிட்டது.

சாம்பலைச் சாம்பலாகவே பயன்படுத்துதல்

நம் பாட்டிமார் அடுப்புச் சாம்பலை வீணாக்கியதில்லை. பாத்திரம் துலக்கினர், பயிருக்கு இட்டனர். சாம்பலைச் சாம்பலாகவே உபயோகித்தனர். கரியமில வாயுவையும் மனிதர் அவ்வாறே நெடுங்காலமாகப் பயன்படுத்தி வருகின்றனர். வயலுக்கு இடும் யூரியா, அம்மோனியாவும் கரியமில வாயுவும் சேர்ந்து உண்டாவது. தலைவலிக்கு விழுங்கும் ஆஸ்பிரின் மாத்திரைக்கு மூலப்பொருளான சாலிசிலிக் அமிலத்திலும் கரியமில வாயு பங்குகொள்கிறது. சலவைச் சோடாவும் அத்தகையதே.

இதற்கு நம் தமிழகத்திலேயே உலகம் கவனித்த ஒரு சான்று உண்டு. தூத்துக்குடியிலுள்ள காரப்பொருள் மற்றும் உரத் தொழிற்சாலை ஒன்றில், நிலக்கரிக் கொதிகலனின் புகையிலிருந்து கரியமில வாயுவைப் பிரித்தெடுத்து, உப்பு, அம்மோனியா ஆகியவற்றுடன் சேர்த்துச் சோடாச் சாம்பல் தயாரிக்கும் ஏற்பாடு 2016இல் செயலுக்கு வந்தது. ஆண்டுக்கு 60,000 டன் வாயுவைப் பிடிக்கும் அளவில் அது அமைக்கப்பட்டது. வாயுவைப் பிடிக்கும் திரவத்தை உருவாக்கியவர்கள், கரக்பூர் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்ற இரு இளைஞர்கள்.

பாராட்டத்தக்க முயற்சியே. ஆயினும் இங்கே சாம்பல் விறகாகவில்லை. ஒரு சாம்பல் வேறொரு சாம்பலாயிற்று. அதனாலேயே செலவும் குறைவு. அய்யம்பாளையத்து மகள் ஆராய விரும்புவது இதனினும் கடினமான வேலை. எரிந்த கரியை எரிவதற்கு முந்திய நிலைக்கே திருப்ப வேண்டும் என்பது அது.

மின்சாரம் செய்யும் வேலை

ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் சிறிது உப்பு கரைந்த நீரை ஊற்றி, இரு உலோகத் தகடுகளை நிறுத்தி, மின்கலத்தின் இரு முனைகளோடும் இணைத்தால் நீர் பிரிந்து வாயுக்குமிழ்கள் எழும். பள்ளியில் இதனைப் பலர் கண்டிருப்பர். நேர்மின்வாயில் பிராணவாயு வருகிறது; எதிர்மின்வாயில் ஹைட்ரஜன் வருகிறது. இப்பொழுது அந்த நீருக்குள் கரியமில வாயுவைச் செலுத்துவோம். எதிர்மின்வாயில் வந்து சேரும் எலெக்ட்ரான்களை நீர் மட்டுமன்றி, கரியமில வாயுவும் பெற்றுக்கொள்ளக்கூடும். அவ்வாறு பெற்றால் அது உருமாறுகிறது.

இது புதிய செய்தியன்று. கரியமில வாயுவிலிருந்து மின்சாரத்தால் பார்மிக் அமிலம் உண்டாவதை ரோயர் என்பவர் 1870இலேயே பிரெஞ்சு விஞ்ஞானக் கழகத்தின் ஏட்டில் வெளியிட்டார். ஆகவே தந்தையின் முதற் கேள்விக்கு விடை 'ஆம்' என்பதே. நடக்கக்கூடியது, நடந்தும் இருக்கிறது. பூமியில் மட்டுமன்று. 2021 ஏப்ரல் 20ஆம் நாள், செவ்வாய்க் கிரகத்தில் இறங்கிய அமெரிக்க ஊர்தியிலிருந்த ஒரு சிறு கருவி, அக்கிரகத்தின் காற்றிலுள்ள கரியமில வாயுவை மின்சாரத்தால் பிரித்துப் பிராணவாயுவைத் தயாரித்தது. 2023இல் பணி முடிவதற்குள் அது தயாரித்த மொத்த அளவு 122 கிராம்.

எனில், இடையூறு எங்கே? எலெக்ட்ரான் கையில் கிடைத்தவுடன் அதைப் பறித்துக்கொள்ள நீர் காத்திருக்கிறது. நாம் கரியமில வாயுவுக்கென்று அனுப்பிய மின்சாரத்தை நீர் எடுத்துக்கொண்டு ஹைட்ரஜனாகிவிடும். நீரைத் தவிர்த்து வாயுவுக்கு மட்டும் வழிவிட வேண்டும். வாயு பலவாறு மாறக்கூடும். அவற்றுள்ளும் நாம் விரும்பும் ஒரே பொருளாக மட்டும் மாறச் செய்யவேண்டும். இத்தெரிவைச் செய்வது அந்த எதிர்மின்வாய்த் தகட்டின் மேற்பரப்பு. அதுவே இங்கு வினையூக்கி. தான் செலவழியாமல், ஒரு மாற்றத்தை எளிதாக்கித் தரும் பொருளை வினையூக்கி என்கிறோம். கிரியா ஊக்கி என்று பழைய பாடநூல்கள் கூறியதும் இதனையே.

வீட்டிலுள்ள உலோகங்கள்

எந்த உலோகம் எதனைத் தரும்? இதனை ஒழுங்காக அளந்து உலகுக்குக் கூறியவர் ஜப்பானில் சீபா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யோஷியோ ஹோரி. 1985இல் அவரும் தோழர்களும் பல உலோகங்களை ஒரே முறையில் வரிசையாகச் சோதித்து, கிடைத்த பொருள்களைக் கணக்கிட்டு வெளியிட்டனர். அவ்வரிசையில் வரும் உலோகங்களுள் பல நம் வீட்டிலேயே இருப்பவை.

தாலியிலுள்ள பொன்னும் கொலுசிலுள்ள வெள்ளியும் கரியமில வாயுவைக் கார்பன் மோனாக்சைடாக மாற்றுகின்றன. மூடிய அறையில் கரியடுப்பை வைத்து உறங்குவோரின் உயிரைக் குடிக்கும் விஷவாயு அது. கோடைக்கானல் குளிரில் இத்தவற்றை எவரும் செய்தலாகாது. ஆனால் தொழிற்சாலையில் அதே வாயு, மெத்தனால் முதலிய பல பொருள்களுக்குத் தாயாக விளங்குகிறது.

பித்தளைப் பாத்திரத்துக்கு உட்புறம் பூசும் வெள்ளீயம் பார்மிக் அமிலத்தைத் தருகிறது. எறும்பு கடித்தால் எரிச்சல் உண்டாக்கும் அமிலம் அதுவே. குமரி மாவட்டத்தில் ரப்பர் பாலை உறையச் செய்யவும், தோல் பதனிடவும் பயன்படுவதால், திண்டுக்கல் சுற்றுவட்டாரத்தாருக்கு அது புதிய பொருளன்று. இரும்பும் நிக்கலும் பிளாட்டினமும் கரியமில வாயுவை ஏறக்குறையப் புறக்கணித்துவிட்டு, நீரிலிருந்து ஹைட்ரஜனையே தருகின்றன.

எஞ்சியது செம்பு. குடிநீர்ச் செம்பாகவும் தவலையாகவும் நம் வீட்டில் இருக்கும் அந்த எளிய உலோகந்தான் தனித்து நிற்கிறது. தனி உலோகங்களுள் செம்பு ஒன்றே கரியமில வாயுவிலிருந்து மீதேன், எதிலீன், எத்தனால் போன்ற பொருள்களைக் குறிப்பிடத்தக்க அளவில் தருகிறது. எதிலீன் என்ற பெயர் புதிதாகத் தோன்றலாம், பொருள் புதிதன்று. மலைவாழைத் தாரை மூட்டம் போட்டுப் பழுக்கவைக்கும்போது காயைக் கனியச் செய்வது எதிலீன் வாயுவே. கனியும் பழமும் அதனை வெளிவிடும். பாலிதீன் உள்ளிட்ட எத்தனையோ பொருள்களுக்கு அதுவே அடிப்படை. உலகம் ஆண்டுதோறும் 15 கோடி டன்னுக்கு மேல் எதிலீனைத் தயாரிக்கிறது; ஏறத்தாழ அத்தனையும் பெட்ரோலியத்திலிருந்தும் இயற்கை வாயுவிலிருந்தும் வருகிறது.

இவ்வரிசையில் இன்னும் ஓர் உலோகம் உண்டு. பாதரசமும் பார்மிக் அமிலத்தைத் தரக்கூடியதே. ஆனால் பாதரசம் என்றவுடன் பழனி மலையில் வாழ்பவர்க்கு வேறொன்று நினைவுக்கு வரும். கோடைக்கானலில் இயங்கிவந்த வெப்பமானித் தொழிற்சாலையின் பாதரசம் படிந்த கண்ணாடிக் கழிவு ஒரு பழைய பொருள் கடையில் கண்டறியப்பட்டு, 2001இல் அத்தொழிற்சாலை மூடப்பட்டது. முன்னாள் தொழிலாளர் 591 பேருக்கான உடன்பாடு 2016இல்தான் கையெழுத்தாயிற்று. நோயறியும் கருவியைச் செய்த இடமே நோய்க்கு அஞ்சும் இடமாயிற்று. ஆகவே வினையூக்கியை வகுப்பவர், 'இது வேலை செய்யுமா?' என்று கேட்பதோடு நிற்கலாகாது. 'இதன் கழிவு எந்த ஓடையில் கலக்கும்? இதைக் கையாளும் தொழிலாளியின் உடல் என்னாகும்?' என்றும் கேட்கவேண்டும். வெள்ளீயமும் பிஸ்மத்தும் அதே அமிலத்தைத் தரும்போது பாதரசத்தையும் காரீயத்தையும் நாடவேண்டிய அவசியமில்லை.

பிடிப்பும் விடுதலையும்

செம்புக்கு மட்டும் ஏன் இத்திறமை? பிரெஞ்சு விஞ்ஞானி சபாத்தியே கூறிய ஒரு நெறி இதனை விளக்குகிறது. 1912இல் வேதியியலுக்கான நோபல் பரிசில் பங்கு பெற்றவர் அவர். வினையூக்கி தன்னிடம் வரும் பொருளை மிகத் தளர்வாகவும் பிடிக்கலாகாது. மிக இறுக்கமாகவும் பிடிக்கலாகாது என்பதே அந்நெறி. பொன்னும் வெள்ளியும் தளரப் பிடிக்கின்றன. ஆகவே கரியமில வாயு பாதி வழியிலேயே, கார்பன் மோனாக்சைடாகக் கைநழுவிச் செல்கிறது. பிளாட்டினமோ இறுகப் பிடிக்கிறது. வந்தது நகரவே முடியாமல் இடத்தை அடைத்துக்கொள்கிறது. செம்பு இடைத்தரமாகப் பிடிக்கிறது. மேலும் எலெக்ட்ரான்களைப் பெறவும், பக்கத்திலுள்ள மற்றொரு கரியணுவோடு கைகோக்கவும் அவகாசம் தந்து, பிறகு விட்டுவிடுகிறது. பிள்ளை வளர்ப்பவர்களுக்கு இந்நெறியை மேலும் விளக்க வேண்டுவதில்லை.

எனினும் செம்பும் குறையற்றதன்று. ஒரே வேளையில் பத்துக்கு மேற்பட்ட பொருள்களைக் கலந்து தருகிறது. அவற்றைப் பிரிப்பதற்கே பெருஞ்செலவாகும். ஆகவே செம்பின் மேற்பரப்பைத் திருத்தி அமைக்க வேண்டியிருக்கிறது. கற்கண்டுக் கட்டியைக் கூர்ந்து நோக்கினால் அதன் முகங்கள் பல கோணங்களில் வெட்டப்பட்டவை போலத் தோன்றும். செம்பின் நுண்படிகங்களுக்கும் அத்தகைய முகங்கள் உண்டு. அணுக்கள் சதுரமாக அடுக்கப்பட்ட முகம் எதிலீனை மிகுதியாகத் தரும். முக்கோணமாக அடுக்கப்பட்ட முகம் மீதேனை மிகுதியாகத் தரும். வேண்டிய முகம் வெளியே தெரியும்படி படிகத்தை வளர்ப்பதும், செம்போடு வேறோர் உலோகத்தைச் சிறிதளவு கலப்பதும், செம்பை ஆக்சைடாக்கி மறுபடி செம்பாக்கிப் பரப்பைக் கரடுமுரடாக்குவதும் இத்துறையினர் கையாளும் முறைகள். எந்தக் கலவை எவ்வளவு பிடிக்கும் என்பதைக் கணிப்பொறியில் முன்கூட்டியே கணித்து, நம்பிக்கையளிப்பவற்றை மட்டும் ஆய்வுக்கூடத்தில் செய்து பார்ப்பதும் இன்று வழக்கமாகிவிட்டது.

வேறு தடைகளும் உள்ளன. ஒரு லிட்டர் நீரில் கரியமில வாயு ஒன்றரை கிராம் அளவுக்கே கரையும். ஆகவே வினையூக்கிக்குப் போதிய இரை கிடைப்பதில்லை. இதற்கென, ஒரு புறம் வாயுவும் மறுபுறம் திரவமும் தொடும்படியான நுண்துளைத் தகடுகள் வகுக்கப்பட்டுள்ளன. திரவம் காரத்தன்மை உடையதாயின், செலுத்திய வாயுவில் பெரும்பங்கு கார்பனேட் உப்பாகித் துளைகளை அடைத்துவிடும். நீரில் இரும்போ துத்தநாகமோ அணுவளவு கலந்திருந்தாலும், அது செம்பின் மீது படிந்து அதன் குணத்தையே கெடுத்துவிடும் என்பதை ஹோரியின் குழுவினரே கண்டறிந்தனர். ஒரு குடம் பாலுக்கு ஒரு துளி விஷம் என்ற கதைதான். தொழிற்சாலையில் ஆண்டுக்கணக்கில் உழைக்க வேண்டிய வினையூக்கி, ஆய்வுக்கூடத்தில் சில நூறு மணி நேரத்திலேயே களைத்துப்போவது இன்றும் பரவலான குறை.

மலையேறும் கணக்கு

இப்பொழுது இரண்டாவது கேள்விக்கு வருவோம். அய்யம்பாளையத்திலிருந்து தாண்டிக்குடிக்கு மலையேற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வழி தெரியாதவன் ஒரு வேண்டாத சிகரத்தின் மீது ஏறி, இறங்கி, மறுபடி ஏறிச் செல்வான். வழி தெரிந்தவன் கணவாயைப் பார்த்துச் செல்வான். வினையூக்கி அந்த வழிகாட்டி. வேண்டாத ஏற்றத்தைத் தவிர்க்கும். ஆனால் தாண்டிக்குடி இருக்கும் உயரத்தை எந்த வழிகாட்டியாலும் குறைக்க முடியாது. அந்த உயரம் ஏறியே தீரவேண்டும். அதற்குரிய கூலி மின்சாரம்.

கூலி எவ்வளவு? ஒரு கிலோ எதிலீனைக் கரியமில வாயுவிலிருந்து உண்டாக்க, இயற்கை விதிப்படி குறைந்தது 13 யூனிட் மின்சாரம் வேண்டும். நடைமுறையில் கலத்துக்கு மூன்று வோல்ட் அளவு கொடுக்க வேண்டியிருப்பின், ஓர் எலெக்ட்ரான்கூட வீணாகாத நிலையிலும் ஏறத்தாழ 35 யூனிட் செலவாகும். வினையூக்கியை வகுப்பவரின் பணி, இந்த 35ஐ 13க்கு அருகே இறக்கிக் கொண்டுவருவது. 13க்குக் கீழே எவராலும் இறக்க இயலாது.

இனி, அந்த மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்று கேட்கவேண்டும். நிலக்கரியை எரித்து ஒரு யூனிட் மின்சாரம் எடுக்கும்போது ஏறத்தாழ ஒரு கிலோ கரியமில வாயு வெளியேறுகிறது. ஆக, நிலக்கரி மின்சாரத்தைக் கொண்டு ஒரு கிலோ எதிலீன் செய்தால், மூன்று கிலோவுக்குச் சற்று அதிகமான கரியமில வாயுவை உபயோகித்து, முப்பத்தைந்து கிலோவை வெளிவிட்டிருப்போம்! ஓட்டை அடைக்கப் போய்க் கூரையையே பிரித்த கதையாகும் இது. பார்மிக் அமிலத்துக்குக் கூலி குறைவு; கிலோவுக்கு மூன்றரை யூனிட் போதும். ஆயினும் நிலக்கரியை நம்பினால் அங்கும் நட்டமே.

எனவே இவ்வித்தை, காற்று, வெயில், நீர் ஆகியவற்றிலிருந்து வரும் மின்சாரத்தோடு சேர்ந்தால் மட்டுமே பொருளுடையது. இங்கே தமிழகத்துக்கு ஒரு நற்பேறு உண்டு. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பர். ஆரல்வாய்மொழியிலும் கயத்தாற்றிலும் பல்லடத்துப் பக்கத்திலும் அக்காற்று ஆயிரக்கணக்கான காற்றாலைகளைச் சுழற்றுகிறது. இராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் 2016இல் அமைந்தது. காற்று மிகுந்த நாட்களில் மின்சாரத்தை வாங்கிக்கொள்ள ஆளில்லாமல் காற்றாலைகளை நிறுத்தச் சொல்லும் நிலையும் நேர்வதுண்டு. அத்தகைய மிச்ச மின்சாரத்தைப் பொருளாகச் சேமித்து வைக்க முடியுமானால் அது பேருதவியே. ஆனால் விலை உயர்ந்த சாதனத்தை ஆண்டில் சில மாதங்கள் மட்டும் ஓட்டினால் முதல் தேறுமா என்ற கேள்வியும் உடன் எழுகிறது.

மற்றொரு கணக்கையும் பார்த்துவிடுவோம். உலகின் எதிலீன் முழுவதையும் நாளை முதல் கரியமில வாயுவிலிருந்தே செய்வதாக வைத்துக்கொண்டாலும், அதற்குச் செலவாகும் வாயு ஏறத்தாழ 47 கோடி டன். நிலக்கரி, பெட்ரோலியம், இயற்கை வாயு ஆகியவற்றை எரிப்பதால் உலகம் ஓராண்டில் வெளிவிடுவதோ ஏறத்தாழ 3,700 கோடி டன். நூற்றில் ஒரு பங்குக்குச் சற்றே அதிகம்! புகையைக் குறையுங்கள் என்று உலகம் ஏன் நெருக்குகிறது என்பதற்கு இந்த ஒரு கணக்கே விடையாகும். நாளைக்கு மருந்து வரும் என்று நம்பி இன்றைக்கு நஞ்சு குடிப்பவர் இல்லை.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் அவர்கள் 2023 அக்டோபர் 4ஆம் நாள் வெளியிட்ட திருத்தூது ஊக்கவுரையில் இதனைத் தொட்டுப் பேசியிருக்கிறார்கள். வெளியேறும் வாயுவைப் பிடிக்கும் புதிய தொழில்நுட்பங்கள் நம்பிக்கை தருகின்றன என்பதை அவர்கள் மறுக்கவில்லை. ஆனால் அவற்றையே நம்பி, அடியில் சுவர் சிதைந்துகொண்டிருக்க மேலே விரிசலுக்குப் பூச்சுப் பூசும் மனப்போக்கில் சிக்கிவிடலாகாது என்று எச்சரித்தார்கள். விஞ்ஞானியின் கணக்கும் அதையேதான் சொல்கிறது.

எனில், இந்த ஆராய்ச்சி எதற்கு?

இக்கணக்கைக் கேட்ட தந்தை, 'அப்படியானால் என் மகள் வீண் வேலைக்கா போகிறாள்?' என்று மனம் தளரலாம். தளர வேண்டியதில்லை.

மின்சாரத்தால் பேருந்தை ஓட்டலாம், விளக்கெரிக்கலாம். ஆனால் மருந்து, சாயம், பசை, உரம், இழை ஆகியவற்றைச் செய்யக் கரியணு வேண்டும். மின்சாரத்தில் கரியணு கிடையாது. பெட்ரோலியக் கிணறுகளை மூடிவிட்ட உலகில் அக்கரியணு எங்கிருந்து வரும்? பயிர்களிலிருந்து ஒரு பங்கு வரலாம்; பழைய பிளாஸ்டிக்கை மறுபடி உருக்கி ஒரு பங்கு பெறலாம். எஞ்சியதைக் கரியமில வாயுவிலிருந்துதான் பெறவேண்டும். சிமெண்டு ஆலையில் சுண்ணாம்புக்கல்லைச் சுடும்போது, எந்த எரிபொருளை மாற்றினாலும் கல்லிலிருந்தே கரியமில வாயு வெளிவருகிறது. அத்தகைய இடங்களுக்கும் இவ்வித்தை வேண்டும். உலகத்தின் புகை முழுவதையும் துடைக்கும் விளக்குமாறாக இதனைக் கருதுவோர் ஏமாறுவர். பெட்ரோலியம் இல்லாத நாளில் வீட்டுக்கு வேண்டிய சில பொருள்களைச் செய்துதரும் பட்டறையாகக் கருதினால், அது நேரிய மதிப்பீடாகும்.

நம் நாட்டிலும் வேலை நடந்துவருகிறது. பெங்களூரில் ஜவாஹர்லால் நேரு உயர் ஆராய்ச்சி மையத்தில், பேராசிரியர் செபாஸ்டியன் பீட்டர் குழுவினர் கரியமில வாயுவை மெத்தனாலாக்கும் வினையூக்கிகளை உருவாக்கினர். அதன் வழி எழுந்த நிறுவனம், 2018இல் ஓர் உலகப் போட்டியின் இறுதிச் சுற்றுக்குத் தேர்வான பத்து அணிகளுள் ஒன்றாக விளங்கியது. மத்தியப் பிரதேசத்தில் விந்தியாசல் அனல் மின் நிலையத்தில், புகையிலிருந்து பிடித்த கரியமில வாயுவையும், மின்சாரத்தால் நீரிலிருந்து பிரித்த ஹைட்ரஜனையும் சேர்த்து மெத்தனால் எடுக்கப்பட்டதாக 2024 நவம்பரில் அறிவிக்கப்பட்டது. இவ்விரண்டிலும் கரியமில வாயு ஹைட்ரஜனோடு வெப்பத்தில் சேர்க்கப்படுகிறது. மகள் ஆராய விரும்புவதோ, ஒரே கலத்தில் மின்சாரத்தாலேயே அதனை முடிப்பது.

அதற்குரிய இடமும் வெகு தொலைவில் இல்லை. காரைக்குடியிலுள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்கு 1948 ஜூலை 25ஆம் நாள் பண்டித நேரு அடிக்கல் நாட்டினார். 1953 பொங்கல் திருநாளில் டாக்டர் இராதாகிருஷ்ணன் அதனைத் திறந்துவைத்தார். வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் வழங்கியிராவிட்டால், அந்நிலையம் செட்டிநாட்டுச் செம்மண்ணுக்கு வந்திராது. மின்கலம், அரிப்புத் தடுப்பு, மின்முலாம் என்று மின்வேதியியலின் கிளைகள் யாவும் ஆராயப்படும் அவ்விடத்தில் கரியமில வாயுவின் மாற்றமும் ஒரு பாடம்.

மகளுக்கும் பெற்றோருக்கும்

இத்துறையில் நுழையும் இளைஞர்க்கு வேண்டிய முதற்குணம் கூர்மையன்று, நேர்மை. ஒன்றை மட்டும் எடுத்துக்காட்டாகக் கூறுவோம். கலத்தில் சிறிது பார்மிக் அமிலமோ எத்தனாலோ தென்பட்டவுடன், வெற்றி கிட்டியது என்று துள்ளத் தோன்றும். ஆனால் அது கரியமில வாயுவிலிருந்து வந்ததா, அல்லது வினையூக்கியைச் செய்தபோது ஒட்டிக்கொண்ட அழுக்கிலிருந்து வந்ததா? இதனைச் சோதிக்க ஒரு வழி உண்டு. சாதாரணக் கரியணுவின் எடை 12. 13 எடையுள்ள கரியணுவும் இயற்கையில் சிறிதளவு உண்டு. அந்த 13ஆல் ஆன கரியமில வாயுவைக் கலத்துள் செலுத்தி, வரும் பொருளிலும் 13 இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். இல்லையெனில், பல மாத உழைப்பைத் தள்ளிவைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். யாரும் பார்க்காத வேளையிலும் இச்சோதனையைச் செய்யும் மனம் உடையவர்களே இத்துறைக்குத் தேவை.

ஐந்தாண்டுகளில் அம்மகள் உலகைக் காப்பாற்றிவிடுவாள் என்று நாம் சொல்லமாட்டோம். ஒருவேளை, ஒரு கலத்தின் மின்னழுத்தத்தை ஒரு வோல்ட்டின் பத்தில் ஒரு பங்கு குறைத்திருப்பாள். ஒருவேளை, பலர் நம்பிய ஒரு வினையூக்கி பயன்படாது என்று நிறுவியிருப்பாள். இரண்டுமே மெய்யான பயன்கள். 1870இல் ரோயர் கண்டதற்கும் 1985இல் ஹோரி கண்டதற்கும் இடையே நூற்றுப் பதினைந்து ஆண்டுகள் கடந்தன. விதைத்தவர் ஒருவர், அறுத்தவர் ஒருவர். தென்னை வைக்கும் குடும்பத்துக்கு இப்பொறுமை புதிதன்று. திருமணம் குறித்தோ ஒரு சொல் போதும்: படிப்பு அதற்குத் தடையன்று, மகளின் விருப்பத்தைக் கேட்டறிந்து நாளைக் குறிப்பதே பெற்றோர்க்கு அழகு.

தந்தையாருக்கு ஒரு வேண்டுகோள். மகள் கலத்தில் செய்ய விழையும் வேலையின் அருமை இப்போது தங்களுக்குத் தெரியும். ஒரு கிலோ சாம்பலைத் திரும்ப விறகாக்க எத்தனை கூலி ஆகிறது என்பதையும் கண்டீர்கள். ஆகவே தோப்பில் காய்ந்து விழும் மட்டைகளை இனி தீயிடாமல், நறுக்கி மரத்தடியில் மூடாக்காகப் பரப்புங்கள். மண்ணின் ஈரம் காக்கப்படும். மெல்ல மக்கி உரமாகும். கரியில் ஒரு பங்கு மண்ணிலேயே தங்கும். எரித்ததை மீட்கும் கலையை மகள் காரைக்குடியில் கற்கட்டும். எரிக்காமல் இருக்கும் கலையை அய்யம்பாளையத்தில் நாம் இன்றே தொடங்கலாம். அதற்கு ஒரு யூனிட் மின்சாரமும் வேண்டாம்.